பைரொய்த்தின் வேலியைத் தாண்டிய பார்சிபால்

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் தேதி, கிறித்து பிறப்பின் முன்னாள் மாலை ஐந்து மணிக்கு, நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் இசைநாடக மாளிகையில் திரை விலகிற்று. அன்று அரங்கேறியது ஜேர்மன் இசைமேதை ரிச்சட் வாக்னர் இயற்றிய இறுதி நாடகமாகிய ‘பார்சிபால்’. ஜேர்மனியின் பைரொய்த் என்னும் சிற்றூரில், வாக்னரே கட்டுவித்த அரங்கில், 1882ஆம் ஆண்டு யூலை 26ஆந் தேதி அது முதன்முதல் நடிக்கப்பெற்றது. அதன்பின் இருபத்தோராண்டுக் காலம், பொதுமக்கள் காசு கொடுத்துக் காணும் முழு நாடகமாக வேறெந்த அரங்கிலும் அது ஏறியதில்லை. நியூயோர்க் மாளிகையில் அன்றிரவு விலகியது திரைமட்டுமன்று. ஒரு பெருங் கலைஞனின் இறுதி விருப்பமும் விலக்கப்பட்டது. அவ்விருப்பத்தை மீறியது தகுமா என்னும் வழக்கு, அந்நாளிற் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தேவாலயத்திலும் ஒருங்கே எழுந்தது.

இந்நாடகத்திற்கு வாக்னர் இட்ட பெயரே தனிப்பெயர். ஏனைய இசைநாடகங்களைப் போல இதனை அவர் ‘ஒப்பெரா’ எனக் குறிக்கவில்லை. மேடையைப் புனிதப்படுத்தும் விழாநாடகம் என்னும் பொருள்பட ஒரு நீண்ட சொல்லால் அழைத்தார். கிறித்துவின் கடைசி விருந்திற் பயன்பட்டதெனக் கருதப்படும் திருக்கிண்ணத்தைக் காக்கும் வீரர் கூட்டம், அவர்களின் மன்னன் அம்போர்ட்டாஸ் பெற்ற ஆறாப் புண், அதனை ஆற்றவல்ல புனித ஈட்டி, ஒன்றுமறியாத பேதை இளைஞனாக வந்து, பிறர் துயர் கண்டு இரங்கும் இரக்கத்தாலேயே அறிவு பெற்று, அப்புண்ணை ஆற்றும் பார்சிபால், இவையே கதை. திருவிருந்தை ஒத்த சடங்கு மேடையிலேயே நிகழ்கிறது. இத்தகைய ஒன்றை, இன்று ஒரு கேலிக்கூத்தும் நாளை ஒரு நடனமும் ஆடப்படும் சாதாரண அரங்குகளில் எவ்வாறு ஏற்றுவது என்று வாக்னர் 1880இல் பவேரிய மன்னன் இரண்டாம் லூட்விக்குக்கு எழுதினார். பைரொய்த்துக்கு மட்டுமே அது உரியது என்னும் அவரின் கோரிக்கையை மன்னனும் ஏற்றான்.

ஆயினும், இவ்விருப்பம் தொடக்கந்தொட்டு மாறாது நின்ற மலை எனக் கொள்வது பிழையாகும். பைரொய்த் விழா 1876இல் பெருங்கடனில் முடிந்தது. அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு 1878இற் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையில், நாடகத்தை மியூனிச் அரசவை அரங்கில் நடத்தும் உரிமையை வாக்னரே கொடுத்திருந்தார். அதனினும் வியப்பானது வேறொன்று. 1880 பெப்ரவரியில், டிரெஸ்டனில் வாழ்ந்த ஜென்கின்ஸ் என்னும் அமெரிக்கப் பல்மருத்துவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பத்து இலட்சம் டொலர் நிதி திரட்டித் தரப்படுமாயின், ஐரோப்பாவைத் துறந்து குடும்பத்தோடு அமெரிக்காவிற் குடியேறத் தாம் ஆயத்தம் என்றும், ‘பார்சிபால்’ நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தையே அந்நாட்டுக்கு அளிப்பதாகவும் அதிற் கண்டிருந்தது. பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்கென 1876இல் ஓர் அணிநடை இசையை இயற்றி ஐயாயிரம் டொலர் பெற்றவர் அவர். அமெரிக்கரின் கொடைத்திறத்தை அறிந்தவர். அந்நிதி திரளவில்லை. திரண்டிருந்தால், பின்னாளில் எந்நாடு களவாடியது எனப் பழிக்கப்பட்டதோ அந்நாடே அந்நாடகத்தின் பிறந்தகமாகியிருக்கும்.

வாக்னர் 1883 பெப்ரவரி 13ஆந் தேதி வெனிஸ் நகரிற் காலமானார். அவர்தம் மனைவி கொசிமா பைரொய்த்தின் தலைமையை ஏற்றார். கணவரின் சொல்லை வேதவாக்காகக் கொண்ட அவ்வம்மையார், நாடகத்தைக் காத்த உறுதி போற்றத்தக்கதே. ஆனால் ‘பார்சிபாலைக்’ காணவேண்டின் பைரொய்த்துக்கே வரவேண்டும் என்னும் நிலை, அவ்வூர் விழாவின் வருவாய்க்கும் துணைநின்றது என்பதை மறைத்தற்கில்லை. பத்தியும் பணமும் ஒரே கதவைக் காவல் செய்தன. மன்னன் லூட்விக் 1884இலும் 1885இலும் மியூனிச்சில் தனக்கெனத் தனியே நாடகத்தை ஆடுவித்துக் கண்டான். அரசனுக்குத் திறந்த அக்கதவு பிறர்க்குத் திறக்கவில்லை.

நியூயோர்க் மக்களோ வாக்னரை நன்கறிந்தவர்கள். வாக்னர் மறைந்த அதே 1883இல் திறக்கப்பட்ட மெற்றோபொலிற்றன் மாளிகை, மறு ஆண்டு தொடங்கி ஏழு பருவங்கள் முழுவதும் ஜேர்மன் மொழி அரங்காகவே நடந்தது. வாக்னரின் இல்லத்திலேயே தங்கி அவர்தம் இசைப்பிரதிகளைப் படியெடுத்த அன்ரன் சைடில், அங்கே வந்து அவரின் பெருநாடகங்கள் பலவற்றை அமெரிக்காவில் முதன்முதலாக நடத்தினார். ‘பார்சிபாலின்’ இசையும் அவர்களுக்குப் புதிதன்று. 1886இல் வால்ட்டர் டாம்றொஷ், காட்சியும் நடிப்புமின்றி, கச்சேரி வடிவில் அதனை அளித்திருந்தார். காதாற் கேட்டதைக் கண்ணாற் காணும் அவா எழுந்தது இயல்பே.

1903இல் மாளிகையின் நிருவாகம் ஹைன்ரிச் கொன்ரீட் கைக்கு வந்தது. சைலீசியாவிற் பிறந்து, நடிகராகத் தொடங்கி, நியூயோர்க்கில் ஜேர்மன் நாடக அரங்கொன்றை நடத்திப் பெயர் பெற்றவர் அவர். இசையறிவு மிக்கவரெனச் சொல்லற்கில்லை. எது கூட்டம் சேர்க்கும் என்பதை மட்டும் ஐயமின்றி அறிவார். முதற் பருவத்திலேயே ‘பார்சிபாலை’ ஏற்றுவதென அவர் அறிவித்தபோது, பைரொய்த் அதிர்ந்தது. கொசிமாவின் சார்பில் அமெரிக்க நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோரி வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கின் முடிச்சு இதுவாகும். நூல்களையும் இசையையும் நாடுகடந்து காக்கும் பேர்ண் உடன்படிக்கை 1886இல் ஏற்பட்டது. ஜேர்மனி அதிற் சேர்ந்தது, அமெரிக்கா சேரவில்லை. (நூறாண்டுக்கு மேலாகப் பின்னின்ற அந்நாடு 1989இலேதான் அதில் இணைந்தது.) இரு நாடுகளுக்குமிடையே 1892இற் செய்யப்பட்ட தனி ஏற்பாடோ, அதற்கு முன்னரே வெளியாகிவிட்ட ‘பார்சிபாலுக்குக்’ கைகொடுக்கவில்லை. அச்சிட்ட இசைப்பிரதியில் மேடையுரிமை ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளதெனக் குறிப்பு இருந்ததே என்று குடும்பத்தார் வாதிட்டனர். பொதுவில் அச்சிட்டு விற்றபின் அக்குறிப்பு அமெரிக்கச் சட்டத்தின்முன் நில்லாது என்பது எதிர்வாதம். 1903 நவெம்பரில் நீதிபதி லாகோம்ப் தடையுத்தரவு வழங்க மறுத்தார். கலைஞனின் விருப்பம் புனிதமானதா அன்றா என்னும் கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. கடையில் விலைக்கு வாங்கிய ஒரு புத்தகத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதே அதற்கு வழக்கு.

நீதிமன்றம் விட்ட இடத்திலே குருமார் தொடங்கினர். திருவிருந்தை மேடையில் நடிப்பது தெய்வ நிந்தனை என மறையுரைகள் எழுந்தன. நகர மேயர் சேத் லோவிடம் முறையீடு சென்றது. அவரும் தடுக்க முன்வரவில்லை. இவ்வெதிர்ப்பு நாடகத்திற்குச் செய்த விளம்பரம், கொன்ரீட் எத்துணைப் பணம் கொட்டினும் வாங்க முடியாததொன்று. வழமையாக ஐந்து டொலருக்கு விற்கும் முன்வரிசை ஆசனம் பத்து டொலராயிற்று. அவ்விலைக்கும் ஆசனங்கள் விற்றுப்போயின. மாலை ஐந்து மணிக்கே தொடங்கி, இடையிலே உணவுக்கென நெடிய ஓய்வு விட்டு, இரவு பதினொரு மணிக்குப் பின் முடியும் நாடகத்திற்குப் பகலுடை அணிவதா இரவுடை அணிவதா என்பது செல்வச் சீமாட்டிகளுக்குப் பெருஞ் சிக்கலாகிப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றது. இரக்கத்தின் மேன்மையைப் பேசும் நாடகத்துக்கு அமைந்த வரவேற்பு இவ்வாறிருந்தது.

இவையெல்லாம் வாயிற்புறத்துச் செய்திகள். மேடையைப் பொறுத்தமட்டில் கொன்ரீட் எதிலும் குறைவைக்கவில்லை என்றே சொல்லவேண்டும். மேடைப்பொறிகளை அமைக்க மியூனிச்சிலிருந்து கார்ல் லவுட்டென்ஷ்லேகர் வரவழைக்கப்பட்டார். நடிப்பை நெறிப்படுத்தியவர் அன்ரன் பூக்ஸ். இவர் 1882இற் பைரொய்த்திலேயே மந்திரவாதி கிளிங்சோராக நடித்தவர்களுள் ஒருவர். நாயகனாகப் பாடிய அலோய்ஸ் பூர்க்ஷ்டாலர் கொசிமாவின் பயிற்சிப் பள்ளியில் உருவானவர். குண்ட்றி என்னும் பெண்பாத்திரத்தை ஏற்ற மில்கா தெர்னினா, 1899இற் பைரொய்த்தில் அதே வேடம் தாங்கியவர். அம்போர்ட்டாஸாகப் பாடிய அன்ரன் வான் ரோய் பைரொய்த்தின் புகழ்பெற்ற குரல். கோயிலைக் கொள்ளையிட்டதாகத் தூற்றப்பட்ட அரங்கில் நின்றவர்கள் பெரும்பாலும் அக்கோயிலின் பூசகர்களே. இசைக்குழுவை நடத்த மட்டும் வேறாள் தேடவேண்டியதாயிற்று. அப்பருவத்தில் நியூயோர்க்குக்கு வந்திருந்த பீலிக்ஸ் மொட்டில், பைரொய்த்தின்பாற் கொண்ட விசுவாசத்தால் அதற்கு இசையவில்லை. முப்பத்தொரு வயதான அல்பிரட் ஹேர்ட்ஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

ஜேர்மனியில் இச்செயலைத் ‘திருக்கிண்ணக் கொள்ளை’ என்றனர். கொன்ரீட்டும் ஹேர்ட்ஸும் யூதர் என்பதும் அவ்வசைக்குக் கூர் சேர்த்தது. 1882இல் அதே நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தை நடத்திய ஹெர்மன் லெவி ஒரு யூத மதகுருவின் மைந்தர் என்பதும், ஞானஸ்நானம் பெறுமாறு வாக்னர் அவரை நெருக்கியும் அவர் இணங்காமலே அந்த இசையை உலகுக்கு அளித்தார் என்பதும் அவ்வேளை பலருக்கு வசதியாக மறந்துபோயின.

தண்டனை யார்மேல் விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. கொன்ரீட்டை அது அணுகவில்லை; அப்பருவத்திலேயே பதினொருமுறை நாடகம் நடந்து, மாளிகைக்குப் பொருளும் அவருக்குப் புகழும் சேர்ந்தன. பாடிய கலைஞர்களுக்கே பைரொய்த்தின் கதவு அடைபட்டது. பூர்க்ஷ்டாலர் சில ஆண்டுகளின்பின் மன்னிப்புப் பெற்று மீண்டார். வான் ரோயும் தெர்னினாவும் மீளவில்லை. ஹேர்ட்ஸுக்கு ஜேர்மன் அரங்குகளே அற்றுப்போயின. அவர் அமெரிக்காவிலேயே தங்கி, 1915 முதல் 1930 வரை சான் பிரான்சிஸ்கோ நகரின் இசைக்குழுவை நடத்தி அதனை வளர்த்தார்.

ஒருமுறை தாண்டப்பட்ட வேலி பின்னர் நிற்கவில்லை. 1904இல் ஹென்றி சவேஜ் என்பவர் நாடகத்தை ஆங்கிலத்திற் பாடச்செய்து, பொஸ்டனில் தொடங்கி ஊரூராகக் கொண்டுசென்றார். மறு ஆண்டு, பேர்ண் உடன்படிக்கைக்கு அப்போது புறம்பாயிருந்த ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலும் அது ஏறியது. ஜேர்மனிக்குள்ளோ, ஆசிரியர் இறந்து முப்பதாண்டு கழிந்தபின் உரிமை பொதுவாகும் என்பது சட்டம். அக்கால எல்லையை நீட்டுமாறு 1901இற் கொசிமா விடுத்த வேண்டுகோளைச் சட்டமன்றம் ஏற்கவில்லை. 1912இல் பல்லாயிரவர் கையொப்பமிட்ட மனுவும் பயன்தரவில்லை.

1913ஆம் ஆண்டின் இறுதி நாளோடு தடை நீங்குவதாயிருந்தது. புத்தாண்டு பிறந்ததும் நாடகத்தை ஏற்ற ஐரோப்பிய நகரங்கள் பல ஆயத்தமாய் நின்றன. ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரத்தாருக்கோ அதுவரையும் பொறுமை இல்லை. அவர்களின் கடிகாரம் ஜேர்மனியின் கடிகாரத்துக்கு ஒரு மணிநேரம் பிந்தியது. பைரொய்த்தில் நள்ளிரவு ஆகும்போது அங்கே இரவு பதினொரு மணிதான். அதனைக் காரணங்காட்டி, டிசெம்பர் 31ஆந் தேதி இரவு, தங்கள் ஊரில் ஆண்டு முடியுமுன்னரே, லிசேயு அரங்கில் ‘பார்சிபாலைத்’ தொடங்கிவிட்டார்கள்.