கொடையா, கூலியா?



அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெவாடா மாநிலத்தில், பாலைநிலத்தின் நடுவே, லாஸ் வேகாஸ் என்னும் நகரம் விளங்குகிறது. 'கேசினோ' எனப்படும் சூதாட்ட மாளிகைகளால் பெயர் பெற்ற நகரம் அது. அம்மாளிகைகளில் நாள்தோறும் நிகழும் காட்சி ஒன்றைக் கூறுகிறேன். ஆட்ட இயந்திரத்தின் முன் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கையில் தட்டு ஏந்திய பணிப்பெண் ஒருவர் அருகே வந்து, அருந்த என்ன வேண்டும் என்று வினவுகிறார். சிறிது நேரம் கழித்துப் பானத்தைக் கொண்டுவந்து தருகிறார். அதற்கு விலை இல்லை; ஆடுவோருக்கு அது இலவசம். ஆயினும் ஆடுபவர் ஒரு டாலர் தாளையோ, ஒரு டாலர் பெறும் சில்லையோ அந்தத் தட்டில் வைக்கிறார். பணிப்பெண் நன்றி கூறி அகல்கிறார்.

சூதின் கேட்டை விளக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழிக்கு உரியவர் நாம். ஆதலால் ஆட்டத்தின் சிறப்பைப் பேச நான் இங்கு வரவில்லை. தட்டில் விழுந்த அந்த ஒரு டாலரைப் பற்றியே பேச வந்தேன். அது மனமுவந்து அளித்த கொடையா? அல்லது உழைப்புக்கு உரிய கூலியா? இச்சிறு வினாவுக்குப் பின்னே முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

'டிப்ஸ்' என்று நாம் வழங்கும் சொல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. 'விரைவான பணிக்கு உறுதி' என்னும் பொருள்தரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அச்சொல் பிறந்தது என்பர். கேட்பதற்கு இனிய கதை; ஆனால் உண்மையன்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் 'டிப்' என்றால் 'கொடு', 'கைமாற்று' என்பதே பொருள். அச்சொல்லே பின்னர்ப் பணியாளருக்குக் கொடுக்கும் சிறு காசைக் குறிக்கலாயிற்று.

சொல் எளிய மக்களிடையே பிறந்தது. வழக்கமோ செல்வர் மாளிகைகளில் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெருமக்கள் இல்லத்தில் விருந்துண்டவர் விடைபெறும்போது, அவ்வீட்டு ஏவலாளர் வாயிலில் வரிசையாக நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் விருந்தினர் காசு வைக்க வேண்டும். 'வெய்ல்ஸ்' என்பது அவ்வழக்கத்தின் பெயர். பொருள் குறைந்தவர் அச்செலவுக்கு அஞ்சி விருந்துக்குச் செல்லவே தயங்கினர். ஜோனஸ் ஹான்வே என்னும் அறச்சிந்தனையாளர் 1760இல் இவ்வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். இதில் நாம் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏவலாளருக்கு வெய்ல்ஸ் கிடைக்கும் என்பதனால், வீட்டுத் தலைவர் குறைந்த ஊதியமே கொடுத்தார். விருந்து வைத்தவர் ஒருவர். அதற்கு உழைத்தவருக்குக் கூலி கொடுத்தவர் மற்றொருவர். அன்று விழுந்த இம்முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அமெரிக்காவில் 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதன்பின் ஐரோப்பாவுக்குச் சென்று மீண்ட செல்வர்கள் இவ்வழக்கத்தைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்தனர். அதே காலத்தில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் பிழைப்புத் தேடி நின்றனர். ஜார்ஜ் புல்மன் என்பவர் 1867இல் நிறுவிய புல்மன் கம்பெனி, இருப்புப் பாதைகளில் படுக்கை வண்டிகளை ஓட்டியது. அவ்வண்டிகளில் பணிபுரிய அம்மக்களையே அது பெரும்பாலும் அமர்த்தியது. படுக்கை விரிப்பதும், பெட்டி சுமப்பதும், இரவெல்லாம் விழித்திருந்து பயணிகளின் காலணிகளுக்கு மெருகிடுவதும் அவர்தம் பணி. பயணிகள் பலர் அவர்களின் பெயரைக் கேட்பதில்லை. முதலாளியின் பெயரால் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே விளித்தனர். பழைய நாளில் அடிமையை உடையவன் பெயரால் அழைத்த வழக்கத்தின் எச்சம் அது.

அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் எவ்வளவு? 1915இல் அரசாங்க விசாரணைக் குழு ஒன்று இதனை ஆராய்ந்தபோது, தொடக்க நிலை ஊழியரின் மாத ஊதியம் 27.50 டாலர் என்பது வெளிப்பட்டது. மீதியைப் பயணிகள் தரும் டிப்ஸ் ஈடுசெய்யும் என்பது கம்பெனியின் கணக்கு. அக்குழுவின் முன் கம்பெனியின் சார்பில் சாட்சியம் அளித்தவர் யார் தெரியுமா? அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் லிங்கன். தந்தை விடுவித்த மக்களின் பிள்ளைகள், மகன் தலைமை வகித்த கம்பெனியில் பயணிகளின் கைந்நோக்கி வாழ்ந்தனர். வரலாற்றில் இத்தகைய முரண்கள் பல உண்டு. இதுபோல் நெஞ்சை உறுத்துவன சிலவே.

இவ்வழக்கத்தை எதிர்த்தோரும் இருந்தனர். குடியரசு நாட்டில் ஒருவர் கை நீட்டவும் மற்றொருவர் காசு போடவும் கூடுமோ என்று அவர்கள் கேட்டனர். வாஷிங்டன் மாநிலம் 1909இல் டிப்ஸைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மிசிசிப்பி, ஆர்க்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி ஆகிய மாநிலங்கள் 1915க்குள் அதனைப் பின்பற்றின. வில்லியம் ஸ்காட் என்பவர் 1916இல் 'அரிக்கும் உள்ளங்கை' என்று பொருள்படும் பெயரில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். ஆயினும் 1926க்குள் அச்சட்டங்கள் யாவும் மறைந்தன. காரணம் எளிது. அவை கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் தடுத்தன. ஊதியத்தைக் குறைத்து வைத்த கையைத் தொடவே இல்லை. வேரை விட்டுக் கிளையை வெட்டினால் மரம் மீண்டும் தழைப்பது இயல்பன்றோ?

பின்னர் மத்திய அரசின் சட்டம் வந்தது. 1938இல் இயற்றப்பட்ட நியாய உழைப்புத் தரச் சட்டம், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த அளவு ஊதியம் 25 சென்ட் என்று விதித்தது. ஆனால் 1966இல் செய்த திருத்தம், உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் அச்சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தபோதே ஒரு சலுகையும் தந்தது. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு உரிய குறைந்த அளவு ஊதியத்தில் பாதியை முதலாளி கொடுத்தால் போதும். மறுபாதியை டிப்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1991இல் அப்பாதி 2.13 டாலர் ஆயிற்று. 1996இல் அத்தொகையைப் பொது ஊதிய உயர்விலிருந்து பிரித்து, அப்படியே நிறுத்திவிட்டனர். பொதுவான குறைந்த அளவு ஊதியம் 2009இல் 7.25 டாலராக உயர்ந்தது. டிப்ஸ் பெறுவோரின் 2.13 டாலரோ 2025இலும் மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீட்டு வழக்கமாய் இருந்தது 20ஆம் நூற்றாண்டில் நாட்டுச் சட்டமாயிற்று.

இனி லாஸ் வேகாஸுக்கு மீள்வோம். நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. டிப்ஸைக் காட்டி ஊதியத்தைக் குறைக்க இடந்தராத ஒரு சில மாநிலங்களுள் அதுவும் ஒன்று. 2024 ஜூலை முதல் அங்கே குறைந்த அளவு ஊதியம் மணிக்கு 12 டாலர். ஆனால் கேசினோவில் வேறொரு முடிச்சு விழுந்தது. அங்கே பானத்துக்கு விலை வாங்குவதில்லை. ஆடுபவர் இருக்கையை விட்டு எழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே முதலாளி அதனை வழங்குகிறார். ஆகவே பணிப்பெண் செய்வது விருந்தோம்பல் மட்டுமன்று. முதலாளியின் வாணிகத்துக்கு ஆற்றும் உழைப்பும் ஆகும். உயர்ந்த குதிகாலணியுடன், நிறைந்த தட்டைத் தோளளவில் ஏந்தி, ஒரே பணிநேரத்துக்குள் பல மைல் நடப்போர் அவர்கள். கிடைத்த டிப்ஸில் ஒரு பங்கை, உள்ளே பானம் கலந்து தருபவருக்கும் அளிப்பர்.

கேசினோவில் பெறுவது கொடையா கூலியா என்னும் வினா நீதிமன்றமும் ஏறியது. சூதாட்ட மேசையில் பணிபுரிந்த ஒருவர், ஆடுவோர் தந்த சில்லுகள் வெறும் அன்பளிப்பே என்றும், அவற்றுக்கு வருமான வரி கூடாது என்றும் வாதிட்டார். கீழ்மன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு மன்றம் 1976இல் அதனை மாற்றியது. பற்றற்ற ஈகையே அன்பளிப்பு. ஆடுவோர் இடுவதோ, பன்மடங்காகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் அதிர்ஷ்ட தேவதைக்கு இடும் காணிக்கை. ஆதலின் அது வருமானமே என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் விளைவைக் கவனியுங்கள். விலையில்லாப் பானத்துக்கு விற்பனைக் கணக்கு இல்லை. ஆகவே வரித் துறையினர் கேசினோக்களுடன் உடன்பாடு செய்து, இன்ன பணிக்கு, இன்ன பணிநேரத்தில், மணிக்கு இவ்வளவு டிப்ஸ் என்று அளவு வகுத்தனர். அவ்வுடன்பாட்டில் சேர்ந்த ஊழியர் அந்த அளவுக்கேனும் வருமானம் காட்டுதல் வேண்டும். ஒருவர் நான்கு பானம் வாங்கி அருந்தி, ஒன்றும் தராமல் எழுந்து சென்றாலும், கணக்கில் அவர் தந்தவராகவே எண்ணப்படுவார். 2025 ஜூலையில் இயற்றிய சட்டம், டிப்ஸில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள, 2025 முதல் 2028 வரையிலான ஆண்டுகளுக்கு இடந்தந்தது. சமூகப் பாதுகாப்பு வரி அப்போதும் நீங்கவில்லை.

இவ்வரலாற்றை அறிந்தவர்க்கு அங்குள்ள ஒழுக்க முறை எளிதில் விளங்கும். பானத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் என்பது வழக்கம். ஒவ்வொரு முறை பானம் வரும்போதும் கொடுத்தல் முறை. இறுதியில் சேர்த்துத் தருவோம் என்று எண்ணினால், பணிநேரம் முடிந்து வேறொருவர் வந்திருக்கக் கூடும். இயந்திரங்கள் இப்போது நாணயத்துக்கு மாறாகச் சீட்டையே தருகின்றன; ஆகவே சிறு தாள்களை முன்னரே மாற்றி வைத்திருத்தல் நன்று. ஆட்டத்தில் தோற்றேன் என்பது கொடாமைக்குக் காரணம் ஆகாது. தட்டு ஏந்தியவர் நம்மைத் தோற்கடிக்கவில்லை. வென்றேன் என்பதனால் எல்லை மீறிப் பேசவோ தொடவோ உரிமை வந்துவிடாது. தட்டில் வைத்து, முகம் நோக்கி, நன்றி கூறுதலே முறை.

ஆனால் மாணவர்களே, டிப்ஸ் கொடுப்பவரின் நற்குணம் மட்டும் உழைப்பாளியைக் காப்பாற்றியதில்லை. புல்மன் ஊழியர்கள் 1925இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1937இல் கம்பெனி அவர்களுடன் ஒப்பந்தம் செய்தது. ஊதியம் உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. லாஸ் வேகாஸில் 1935இல் தோன்றிய சமையல் தொழிலாளர் சங்கம், கேசினோப் பணிப்பெண்களுக்கும் உரிய சங்கமாகும். ஃபிரான்டியர் என்னும் விடுதியில் 1991 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்து, 1998 தொடக்கத்தில் வெற்றியுடன் முடிந்தது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 550 பேருள் ஒருவர்கூட உறுதி குலைந்து வேலைக்குத் திரும்பவில்லை. ஓய்வூதியமும் மருத்துவப் பாதுகாப்பும் தட்டில் விழும் சில்லால் வருவன அல்ல. இவ்வாறு கூடி நின்றதனால் வருவன.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கொடை என்பது கொடுப்பவர் விருப்பம், கொடாவிடினும் பழுதில்லை. கூலி என்பது பெறுபவர் உரிமை. கொடாவிடின் அது கடன். அந்த ஒரு டாலர் கொடையின் ஆடையை அணிந்து நிற்கும் கூலியே ஆகும். ஆதலின் வாங்குபவர் அதற்காகத் தலை குனிய வேண்டுவதில்லை. கொடுப்பவர் அதற்காகத் தலை நிமிர வேண்டுவதும் இல்லை. இலவசம் என்று எதையேனும் உங்கள் முன் வைக்கும்போதெல்லாம், அதனைச் சுமந்து வந்தவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.