நடத்திய பாடமும் நடக்காத வழியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் 1994-ஆம் வருடத்து மாணவர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார். பத்துப் பேர் கொண்ட குழு, முன்னால் ஒரு வழிகாட்டி. ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பாதையில் ஏழு நாள் நடந்திருக்கிறார்கள். ரோமப் பேரரசன் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய சுவர் அது. அதை ஒட்டி 135 கிலோமீட்டருக்கு நடைபாதை அமைத்து 2003-இல் திறந்திருக்கிறார்கள். மூட்டை முடிச்செல்லாம் வேனில் முன்னால் போய்விடுமாம். சாயங்காலம் போய்ச் சேரும் ஊரில் சாப்பாடும் படுக்கையும் தயாராக இருக்குமாம். எந்தக் கல் எந்தக் காலத்தது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வருவாராம். ஆன செலவையும் சொன்னார். என் பென்ஷனைப் பல மாதம் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "ஐயா, நம்ம மதுரைப் பக்கம் இப்படி எதுவும் இல்லையா?"

"இருக்கு" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கேள்விக்குப் பதில்.

மதுரையை நோக்கி வழிகாட்டியோடு, குழுவாக, பல நாள் நடந்த ஒரு பயணம் நம் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் நான் குரலை ஏற்றி இறக்கி நடத்திய அதே சிலப்பதிகாரம்தான். கோவலன், கண்ணகி, கவுந்தி அடிகள் என்று மூன்று பேர். புகாரிலிருந்து புறப்பட்டு ஒரு காவதம் வந்த இடத்தில் சமணத் துறவியான கவுந்தி அடிகளைச் சந்திக்கிறார்கள். அவரும் மதுரைக்கு வர விரும்புகிறார். இன்றைய பேச்சில் சொன்னால் அந்த அம்மாதான் 'கைடு'.

புறப்படுவதற்கு முன்பே வழியில் என்னென்ன தொந்தரவு வரும் என்று அவர் சொல்லிவிடுகிறார். சோலை வழியாகப் போனால், கிழங்கு தோண்டிய குழிகளைச் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் உள்ளே போய்விடும். வயல் வழியாகப் போனால், நீர்நாய் கவ்விய வாளை மீன் சேற்றில் துள்ளிப் பாயும், இந்தப் பெண் பயந்துபோவாள். தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீரில் தேன் சிந்திக் கலந்திருக்கும். வரப்பில் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டால் அந்தப் பாவம் தாங்க முடியாதது. அந்த வழியை அடி அடியாக அறிந்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும். புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லிவிட முடியாது.

அவர்கள் ஓடவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை என்கிறார் இளங்கோவடிகள். நடக்கிற நாள் ஒன்று என்றால் தங்குகிற நாள் பல. அரங்கம் வந்து, காவிரியைக் கடந்து, உறையூர் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே திரும்புகிறார்கள்.

அங்கே மாங்காட்டு மறையோன் என்று ஒருவர் எதிரே வருகிறார். கொடும்பாளூர் ஏரிக்கரையைத் தாண்டியதும் வழி மூன்றாகப் பிரியும், சிவன் கையிலுள்ள சூலம் போல இருக்கும் என்று அடையாளம் சொல்கிறார். வலப்பக்க வழியில் போனால் சிறுமலை. இடப்பக்க வழியில் போனால் திருமால்குன்றம், அதாவது நம் அழகர்மலை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. மூவரும் நடுவழியில் வருகிறார்கள்.

இதை நான் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நத்தத்திலிருந்து மதுரைக்குப் பேருந்தில் வந்தபோதுதான் சன்னல் வழியாகப் பார்த்தேன். வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் அழகர்மலை. மறையோன் சொன்ன அடையாளம் அப்படியே இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவழியில் கண்ணகியின் கால் கொப்பளித்துவிடுகிறது. எயினர் வாழும் பகுதியில் ஐயை கோட்டத்தில் தங்குகிறார்கள். கோடை வெயில் கொடுமையாக இருப்பதால் அதற்குப் பிறகு இரவில், நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள். வையையை மரத்தெப்பத்தில் கடந்து, கோட்டைக்கு வெளியே துறவிகள் இருந்த புறஞ்சேரியில் இறங்குகிறார்கள். கவுந்தி அடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். வழிகாட்டியின் வேலை வழி காட்டியதோடு முடியவில்லை. நம்பகமான ஒரு வீட்டில் ஒப்படைத்த பிறகுதான் முடிகிறது.

இது காப்பியம்தானே, கல்லில் சாட்சி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் எல்லாம் இருக்கிறது. மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம் என்று எங்கே ஏறினாலும் குகைத்தளத்தில் வழுவழுப்பாகச் செதுக்கிய கல்படுக்கைகளைக் காணலாம். சில படுக்கைகளில் தலைமாட்டில் தலையணை போல மேடும் விட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க மேலே பாறையில் காடி வெட்டியிருப்பார்கள். நம் கிராமத்து ஜனங்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பது இதைத்தான். உண்மையில் இவை ஊர் ஊராக நடந்து திரிந்த சமணத் துறவிகள் தங்குவதற்காகச் செய்து கொடுக்கப்பட்டவை. இந்தத் தங்குமிடத்துக்குப் பள்ளி என்று பெயர். நீங்களும் நானும் காலம் கழித்த இடத்துக்கும் அதே சொல்தான்.

மாங்குளத்துக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவல் 1882-இல் கண்டார். அந்த எழுத்து பிராமி, மொழி தமிழ் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருக்கிறது. வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயரும் இருக்கிறது. அழகர்மலைக்குப் போனால் இன்னும் சுவாரசியம். உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன் என்று ஒரு கடைத்தெருவே கொடை கொடுத்திருக்கிறது. பணிதம் என்றால் வெல்லப்பாகு, கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி. உப்பு மூட்டையோடு ஊர் ஊராகப் போனவருக்குத்தான் வழியில் ஒரு படுக்கையின் அருமை தெரியும். ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முந்தைய பெயர்கள் இவை.

அந்தக் குணம் நம் மண்ணில் அறுந்து போகவே இல்லை. 1689 முதல் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி மங்கம்மாள் சாலை போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ரயில் நம் ஊருக்கு வந்தது 1875-இல். நடந்து வருகிறவனுக்காகக் கட்டிய சத்திரத்தின் வாசலில்தான் ரயிலே வந்து நின்றது.

சித்திரை மாதம் கள்ளழகர் வருவதைப் பாருங்கள். மலையில் பதினெட்டாம்படிக் கருப்பிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டு, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று வைகை வரை வந்து, வண்டியூர் போய், மறுபடி மலை திரும்புகிறார். வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். சாமிக்கு ஓரிடத்தில் இளைப்பாறல் என்றால் கூட வருகிற ஜனத்துக்கும் அங்கே பானகம் உண்டு, மோர் உண்டு, விசிறி உண்டு. இந்த ஊர்வலத்தின் பின்னால் இருக்கும் சமூக வரலாறு தெரிய வேண்டுமானால் தொ. பரமசிவன் ஐயாவின் 'அழகர் கோயில்' நூலைத் தேடிப் படியுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. 1963-இல் தைப்பூசத்துக்கு என் தாத்தா என்னைப் பழனிக்கு நடத்திக் கூட்டிப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. வாடிப்பட்டி, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாக நான்கு நாள் நடை. குழுவில் இருபது பேர், அரிசி பருப்புக்கு ஒரு மாட்டு வண்டி. பாதம் கொப்பளித்து நான் அழுதபோது, முன்பின் தெரியாத ஒரு பாட்டி திண்ணையில் உட்கார வைத்து விளக்கெண்ணெய் தடவிவிட்டார். "யாரு பெத்த பிள்ளையோ" என்றார். அந்த ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. அந்தக் கையின் சூடு மறக்கவில்லை. ஒட்டன்சத்திரம் என்ற பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறதே, அது எதற்காக என்று தாத்தாதான் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது தூக்கம் வராத காரணத்துக்கு வருகிறேன்.

1994-இல் இதே மாணவர், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, வகுப்பில் எழுந்து கேட்டார். "ஐயா, சிறுமலையும் அழகர்மலையும் இங்கதான இருக்கு? நாம ஒருநாள் நடந்தே போய்ப் பாக்கலாமா?" நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "முதல்ல போர்ஷன் முடியட்டும்டா. மூன்று வழியையும் வரிசையா எழுது, மார்க் வரும்." வகுப்பே சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாடம் 'நடத்துவது' என்றுதான் நம் மொழி சொல்கிறது. முப்பது வருடம் நடத்தினேன். ஆனால் உங்களில் ஒருவரையும் ஒரு காவதம்கூட நடத்திக் கூட்டிப் போகவில்லை. கல்படுக்கைகளைப் பற்றி அத்தனை பேசிய நான், அரிட்டாபட்டி மலையில் கால் வைத்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம்!

அதற்கும் வேறொருவர்தான் வழி காட்ட வேண்டியிருந்தது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய 'பசுமை நடை' குழுவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனேன். தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் ஐயா கல்வெட்டைக் கையால் தொட்டுக் காட்டி எழுத்து எழுத்தாக வாசித்தார். குழந்தைகள், பாட்டிமார், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பாறையில் உட்கார்ந்து கேட்டார்கள். வாத்தியார் நானும் மாணவனாக உட்கார்ந்து கேட்டேன்.

அந்த மலை என்ன ஆக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கி மேலூர் வட்டாரத்தில் 2000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. வரைபடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது வெறும் பாறை. நடந்து பார்த்தவருக்கு அது சுனை, குடைவரைக் கோயில், வல்லூறு, 2000 வருடத்துப் படுக்கை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் சாலையோரம் நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். வாங்கிக் குடித்த ஒரு பெண், "ஐயா, நீங்க எனக்குப் பத்தாவது எடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. வழியைக் காப்பாற்றுவது அதன் மேல் நடக்கிற கால்களும், நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற கைகளும்தான். இரண்டில் எது நின்று போனாலும் வழி இல்லாமல் போய்விடும்.

ஆகவே இங்கிலாந்து மாணவருக்கு முழுப் பதில் இது. தம்பி, இருக்கிறது. முப்பத்தோரு வருடம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள். தை மாதம் நீ ஊருக்கு வருவாய் என்று அம்மா சொன்னார்கள். நத்தத்திலிருந்து மதுரைக்கு, இடமும் வலமும் இரண்டு மலையையும் பார்த்துக்கொண்டு, மூன்று நாள் நடப்போம். நாளைக்கு ஒரு காவதம், அதற்கு மேல் வேண்டாம். இப்போது நத்தம் சாலையில் கார்கள் பறக்கின்றன. ஆகவே உள்வழிகள் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னால் வர வேண்டும். நான் முடிந்த மட்டும் நடப்பேன், முடியாத இடத்தில் மூட்டை வண்டியில் ஏறிக்கொள்வேன். கதை சொல்வது என் பொறுப்பு.

நத்தம் சாலைப் பக்கம் வீடுள்ள மாணவர்கள் கீழே எழுதுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் மத்தியானம், யார் வீட்டு மாடியில் ராத்திரி என்று பிரித்துக்கொள்ளலாம். விளக்கெண்ணெய் மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா