வால்வும் கிட்டாரும்

உலகில் தோன்றிய கருவிகளுள் பல, தமக்குப் பின் வந்தவற்றுக்கு இடங்கொடுத்து மறைவது இயற்கை. கமலை ஏற்றம் மின்சாரப் பம்புக்கு இடம் விட்டது. நீராவி எஞ்சின் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வழிவிட்டது. நூற்றாண்டுக்கு மேல் நம் நாட்டில் பணியாற்றிய தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓய்வு பெற்றது. இவ்வாறே மறைந்திருக்க வேண்டிய ஒரு கருவியை இசைவாணர் சிலர் விடாது பற்றிக்கொண்டு இன்றளவும் வாழவைத்திருக்கின்றனர். அதுதான் வால்வு; நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டிக்குள் செந்நிறமாய் ஒளிவிட்ட கண்ணாடிக் குழல்.

நம் குடியிருப்பில் மின்சாரக் கிட்டார் பயிலும் பிள்ளைகள் இப்போது பலர். அவர்களுள் சிலர் பழைய வால்வு வேண்டுமென்று கேட்பதும், விலையைக் கேட்டுப் பெற்றோர் திகைப்பதும் உண்டு. புதுப்பொருள் கிடைக்கும்போது பழம்பொருளுக்கு ஏன் பன்மடங்கு விலை என்பது பெற்றோரின் வினா. நியாயமான வினாவே. அதற்கு விடை காண வேண்டுமாயின் வால்வின் வரலாற்றைச் சற்றே அறிதல் நலம்.

வால்வு பிறந்த கதை

மின்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்த எடிசன், குமிழினுள் காய்ந்த இழையிலிருந்து வெற்றிடத்தைத் தாண்டி மற்றோர் உலோகத் தகட்டுக்கு மின்சாரம் பாய்வதை 1880களில் கண்டார். கண்டாரே அன்றி அதனால் பெரும்பயன் கொண்டாரில்லை. 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், அம்மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே செல்லும் இயல்பைக் கொண்டு வானொலி அலைகளை உணரும் கருவி ஒன்றைச் செய்தார். சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாதது போல, இதுவும் ஒருவழிப் பாதையாதலின் வால்வு எனப் பெயர் பெற்றது.

1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய கம்பி வலை ஒன்றை அமைத்தார். சிறிய செயல்தான், விளைவோ பெரிது. ஏரியின் மதகை ஒருவன் கையால் சற்றே ஏற்றி இறக்க, பெருவெள்ளம் அதற்கேற்பக் கூடிக் குறைவதைக் காண்கிறோம். அதுபோல, வலையில் சேர்ந்த மெல்லிய மின்துடிப்பு, தகட்டை நோக்கிப் பாயும் பெரிய மின்னோட்டத்தைத் தன் போக்கில் ஆட்டிவைத்தது. நலிந்த ஒலியைப் பெருக்கும் வித்தை கைவந்தது. 1915இல் நியூயார்க்கில் பேசிய பேச்சு, கண்டத்தின் மறுகரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவில் தொலைபேசி வழியே கேட்டது இதனாலேயே. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை இக்கட்டுரையில் பெருக்கி என்றே குறிப்போம்.

கிட்டாருக்குக் குரல் வந்தது

எக்காளமும் முரசும் முழங்கும் கூட்டிசையில் கிட்டாரின் மெல்லொலி எடுபடாது. எனவே 1930களில் தந்திகளின் கீழே காந்தச் சுருளைப் பொருத்தி, அதில் எழும் துடிப்பை வால்வுப் பெருக்கியின் வழியே பெரிதாக்கினர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1936இல் வெளியிட்ட 6எல்6 என்னும் வால்வு இத்துறையில் நெடுங்காலம் நிலைபெற்றது.

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் லியோ ஃபெண்டர் என்பார் இருந்தார். கணக்கியல் பயின்று கணக்கராக வேலை பார்த்தவர். பொருளாதார மந்த காலத்தில் வேலையிழந்து, 1938 வாக்கில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். பேரேடும் கையுமாய் இருக்கும் நம்மனோர்க்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. அவர் 1952இல் பாஸ் கிட்டாருக்கென்று வெளியிட்ட பாஸ்மேன் என்னும் பெருக்கியைச் சாதாரணக் கிட்டார் வாசிப்போரும் விரும்பிக் கைக்கொண்டனர்.

அமெரிக்கப் பொருள் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தபோது விலை மிகுந்துவிட்டது. லண்டன் மாநகரின் ஹான்வெல் பகுதியில் முரசுக் கருவிகள் விற்ற ஜிம் மார்ஷல், தம் கடையில் இருந்தோருடன் சேர்ந்து 1962இல் பாஸ்மேனைப் பின்பற்றி ஒரு பெருக்கி செய்தார். அமெரிக்க வால்வுக்குப் பதிலாக நாளடைவில் கே.டி.66, பின்னர் ஈ.எல்.34 ஆகிய ஐரோப்பிய வால்வுகள் அதில் இடம்பெற்றன. முதற் படியில் ஃபெண்டர் இட்ட வால்வைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் பெருக்கும் ஈ.சி.சி.83 இடப்பட்டது. அக்காலத்திலேயே டார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த வாக்ஸ் ஏ.சி.30 என்னும் பெருக்கி, நான்கு ஈ.எல்.84 வால்வுகளைக் கொண்டு பீட்டில்ஸ் குழுவினரின் இசைக்குத் துணைநின்றது.

குறையே குணமாயிற்று

பெருக்கி செய்த பொறியாளர் அனைவரும் ஒலி சிதையாமல் இருக்க வேண்டும் என்றே பாடுபட்டனர். அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் ஒலி கரகரத்தது. அதைப் பழுது என்றே ஏட்டில் எழுதினர். இளைஞர்களோ அந்தப் பழுதையே பண்ணாக்கினர். 1966இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டுக்காக எரிக் கிளாப்டன் மார்ஷல் பெருக்கியை உரக்க முடுக்கி வாசித்த ஒலி, பின்வந்தோர்க்கு இலக்கணமாயிற்று.

காரணம் வால்வின் இயல்பிலேயே உள்ளது. எல்லை மீறிய ஒலியலையை எளிய டிரான்சிஸ்டர் சுற்று கத்தியால் நறுக்கியது போல் சட்டென வெட்டிவிடும். வால்வு அவ்வாறன்றி மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். அப்போது மூல ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்தாயி முதலிய துணையொலிகளும் கலந்து எழும். மென்மையாய்த் தந்தியை மீட்டினால் தெளிந்த ஒலியும், அழுத்தி மீட்டினால் கனத்த ஒலியும் வருதலின், பெருக்கியும் கிட்டாரின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

ஆலைகள் மூடின

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சிறியது, சூடேறாதது, மலிவானது. வால்வின் நாள் எண்ணப்பட்டது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1976இல் வானொலி வால்வு உற்பத்தியை நிறுத்தியது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் மல்லார்ட் நிறுவனம் 1938இல் தொடங்கிய ஆலையும் 1980களின் தொடக்கத்தில் வால்வு செய்வதைக் கைவிட்டது.

சோவியத் நாட்டிலோ நிலைமை வேறு. 1976 செப்டம்பரில் அந்நாட்டு விமானி ஒருவர் மிக்-25 போர்விமானத்தோடு ஜப்பானில் வந்திறங்கினார். அதைப் பிரித்துப் பார்த்த மேலைநாட்டார், மின்னணுச் சாதனங்களில் பெரும்பகுதி வால்வுகளால் ஆனது கண்டு வியந்தனர். இராணுவத்தின் பொருட்டு அங்கே காக்கப்பட்ட தொழில், சோவியத் சிதைந்தபின் கிட்டார்க்காரர்களுக்குப் பயன்பட்டது. ரஷ்யாவின் சராட்டோவ் நகரிலும், ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரிலும், சீனத்திலும் இன்று புதிய வால்வுகள் செய்யப்படுகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் கிட்டார் கடைகள் கலங்கியது, எஞ்சியுள்ள ஆலைகள் எத்துணைச் சிலவே என்பதைக் காட்டிற்று.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1954இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹாலந்து ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் வானொலி வால்வு செய்யத் தொடங்கியது. அங்கே உருவான ஈ.சி.சி.83, ஈ.எல்.84 வால்வுகளை அயல்நாட்டுக் கிட்டார் வாசிப்போரும் இன்று தேடி வாங்குகின்றனர். நம்மவரோ பரணில் கிடக்கும் பழைய வால்வுகளைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுகிறோம்.

வாங்குவோர் கவனிக்க

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவது நம் உழவர் வழக்கம். வால்வுக்கும் அது பொருந்தும்.

முதலாவது, பெயரைக் கண்டு மயங்கலாகாது. மல்லார்ட் என்ற பெயரை இன்று வேறொரு நிறுவனம் உரிமை பெற்று, ரஷ்யாவில் செய்த புதிய வால்வுகளுக்கு இடுகின்றது. அது முறையான வாணிபமே; ஆனால் அது பிளாக்பர்ன் ஆலைப் பொருள் அன்று. போதாக்குறைக்கு, மலிவான வால்வின் எழுத்தை அழித்து உயர்ந்த பெயரை அச்சிட்டு விற்பாரும் உளர். உண்மையை அறிய, கண்ணாடியின் அடிப்பகுதியில் பொறித்த சிறு குறியைப் பார்க்க வேண்டும். சரக்கு வாகனின் பதினொரு இலக்க எண்ணைக் கண்டால் அதன் வகை, எந்த ரயில்வேக்கு உரியது, எந்த ஆண்டில் செய்தது என நம் ரயில்வே அன்பர்கள் சொல்லிவிடுவர் அல்லவா? அதுபோலவே மல்லார்ட் வால்வில் பி4ஏ1 என்றிருந்தால், பி பிளாக்பர்னையும், 4 ஆண்டின் கடைசி இலக்கத்தையும், ஏ ஜனவரியையும், 1 முதல் வாரத்தையும் குறிக்கும். அது 1964ஆ 1974ஆ என்பதை அதன் மேல்வரியிலுள்ள வகைக்குறி கொண்டு தெளியலாம்.

இரண்டாவது, கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி போன்ற பளபளப்பான பூச்சு உண்டு. அது எஞ்சிய காற்றை உறிஞ்சுதற்கு இட்ட பேரியம். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு செத்தது என்றே கொள்க.

மூன்றாவது, "புதிதாகவே இருந்த பழஞ்சரக்கு" என்னும் சொல்லை மட்டும் நம்பாது, சோதனைக் கருவியில் கண்ட அளவைக் கேட்டு வாங்குக. பெட்டிக்குள் உறங்கிய வால்வு எளிதில் மூப்பதில்லை. ஆனால் உழைத்துத் தேய்ந்த வால்வும் துடைத்தால் புதிதுபோல் தோன்றும். கடைசிப் படியில் நிற்கும் ஆற்றல் வால்வுகளை ஒத்த அளவுள்ள இணையாகவே வாங்க வேண்டும்.

நான்காவது, அடிக்கால் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை எடுத்து மற்றொன்றைச் செருகலாகாது. 6எல்6 வால்வின் சூடேற்றும் இழை 0.9 ஆம்பியர் கொள்ளும், ஈ.எல்.34க்கு 1.5 ஆம்பியர் வேண்டும். தாங்காத டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போம். ஆற்றல் வால்வை மாற்றினால் அதன் மின்னோட்ட அளவையும் அறிந்தவர் கொண்டு சரிசெய்தல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. பெருக்கியினுள் 400 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் நிற்கும். செருகியைப் பிடுங்கியபின்னும் கண்டென்சர்களில் அது தங்கியிருந்து உயிரைக் கொள்ளும். பிள்ளைகள் பெட்டியைத் திறக்க ஒருபோதும் இடம் கொடாதீர்.

பழைய வால்வு ஒன்றுதான் வாங்க இயலுமாயின், கிட்டாரின் ஒலி முதன்முதல் புகும் முதற்படியில் அதை இடுவதே சிக்கனம். அங்கே எழும் சிறு இரைச்சலும் பின்வரும் படிகளில் பெருகுமாதலின், நல்ல வால்வின் பயன் அங்கேதான் மிகுதி. அது நெடுநாள் உழைக்கவும் செய்யும். வெப்பத்தில் வெந்து விரைவில் தேயும் ஆற்றல் வால்வுகளுக்குப் புதியனவே போதும்.

ஆகவே, விலை உயர்ந்ததற்குக் காரணம் பழமை மட்டும் அன்று. நுண்ணிய வலையையும் இழையையும் கண் நோகக் கோத்து, வெற்றிடம் கெடாமல் அடைத்த பெயர் தெரியாத தொழிலாளர் பலரின் கைத்திறன் அதற்குள் இருக்கிறது. அந்த ஆலைகள் இனித் திறவா. சரக்கோ நாளுக்கு நாள் குறைகின்றது. மேலெழுதிய பெயருக்குப் பொருளை இறைக்காமல் உள்ளிருக்கும் வேலைக்கே விலை கொடுக்க வேண்டும். வாங்கியதைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைப்பதும் அறிவுடைமை ஆகாது. ஒளிர்ந்து ஒலிப்பதற்கென்றே பிறந்தது வால்வு. பரணில் பழைய ரேடியோ வைத்திருக்கும் அன்பர்கள், அதைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவரிடம் காட்டும்படி வேண்டுகிறோம். நன்றாகப் பாடும் ரேடியோவைக் குலைக்க வேண்டா; பாடாத ரேடியோவின் வால்வு, நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவனின் கிட்டாரில் மீண்டும் பாடட்டும்.