அடிமைப் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் திருச்சபை: லண்டனில் எழுந்த கேள்விக்கும் பெங்களூருக்கும் என்ன தொடர்பு?

பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் செயின்ட் மார்க்ஸ் கதீட்ரலை நீங்கள் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். கிழக்கிந்திய கம்பெனியின் படையினருக்காக 1812-ல் கட்டி முடிக்கப்பட்ட கோயில் அது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின், அதாவது சி.எஸ்.ஐ-யின் கையில் இருக்கிறது. சி.எஸ்.ஐ 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகச் சேர்ந்த சபை அது. உலக ஆங்கிலிக்கன் குடும்பத்திலும் ஓர் உறுப்பினர்.

அந்தக் குடும்பத்தின் மூத்த வீடான இங்கிலாந்து திருச்சபை, அடிமை வணிகத்தில் தனக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டு 10 கோடி பவுண்டு, நம்ம கணக்கில் 1,000 கோடி ரூபாய்க்கு மேல், ஒதுக்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. அதைத் தொடர்ந்து பெரிய சண்டையே நடந்துகொண்டிருக்கிறது. 300 வருஷத்துக்கு முன் யாரோ செய்ததற்கு இன்றைக்கு இருப்பவர்கள் ஏன் பணம் தர வேண்டும்? யாருக்குத் தர வேண்டும்? இடஒதுக்கீடு பற்றி அலுவலக கேன்டீனில் வாதம் செய்திருந்தால், இந்தக் கேள்விகள் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பணம் எங்கே இருந்தது?

1704-ல் ஆன் அரசி ஏழைப் பாதிரியார்களுக்கு உதவ ஒரு நிதியைத் தொடங்கினார். 'குயின் ஆன்ஸ் பவுண்டி' என்று பெயர். நல்ல நோக்கம்தான். ஆனால் நிதி என்று இருந்தால் அதை எங்காவது முதலீடு செய்ய வேண்டுமே. கணிசமான பகுதி சவுத் சீ கம்பெனியின் பத்திரங்களுக்குப் போனது. 1711-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு, ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை அனுப்பும் உரிமை 1713 வாக்கில் கிடைத்தது. சுமார் 34,000 பேரை அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஏற்றிச் சென்றது. பங்குச் சந்தை வரலாறு படித்தவர்களுக்கு 1720-ல் வெடித்த 'சவுத் சீ குமிழி' நினைவுக்கு வரும். அதே கம்பெனிதான்.

உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் எந்தெந்த கம்பெனியில் பணம் போட்டிருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. பவுண்டி நிர்வாகிகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. கம்பெனி அடிமை வணிகம் செய்தது ஊரறிந்த விஷயம்.

1948-ல் இந்த பவுண்டி இன்னொரு அமைப்போடு இணைந்து 'சர்ச் கமிஷனர்ஸ்' ஆனது. அவர்கள் இன்று நிர்வகிக்கும் சொத்து சுமார் 1,000 கோடி பவுண்டு. தங்கள் பழைய கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துத் தோண்டச் சொன்னது அவர்களேதான். 1739 வாக்கில் சவுத் சீ பத்திரங்களில் இருந்த தொகை சுமார் 2,04,000 பவுண்டு என்றும், இன்றைய மதிப்பில் அது 44 கோடி பவுண்டைத் தாண்டக்கூடும் என்றும் அறிக்கை சொன்னது. அடிமை வணிகத்தில் சம்பாதித்த பணக்காரர்கள் தந்த நன்கொடைகள் தனி. பிரிஸ்டலில் 2020-ல் சிலை சாய்க்கப்பட்டு துறைமுக நீரில் தள்ளப்பட்டாரே எட்வர்ட் கால்ஸ்டன், அவரும் பவுண்டிக்குக் கொடுத்தவர்களில் ஒருவர்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, முதலில் வந்தவர் பிரசங்கியார் இல்லை, ஆடிட்டர் என்பதுதான்.

நெஞ்சில் 'சொசைட்டி' முத்திரை

பத்திரம், வட்டி என்று பேசும்போது மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள். அதனால் பார்படோஸ் போவோம்.

1710-ல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன், கரீபியன் தீவான பார்படோஸில் இருந்த தன் இரண்டு கரும்புத் தோட்டங்களை எஸ்.பி.ஜி என்ற மிஷனரி சங்கத்துக்கு உயில் எழுதி வைத்தார். தோட்டத்தோடு சுமார் 300 அடிமைகளும் சேர்த்தி. வருமானத்தில் ஒரு கல்லூரி நடத்த வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை. ஆக, நற்செய்தி பரப்புவதற்காக 1701-ல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் நேரடியாக அடிமைகளின் முதலாளி ஆனது. அந்தத் தோட்டத்தில் அடிமைகளின் நெஞ்சில் 'சொசைட்டி' என்ற சொல்லைச் சூட்டுக்கோலால் பொறித்தார்கள். மாட்டுக்குக் குறி போடுவது போல.

1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, 'சொத்தை' இழந்த முதலாளிகளுக்கு. எஸ்.பி.ஜி-யின் காட்ரிங்டன் தோட்டத்தில் இருந்த 411 பேருக்கு விலையாக 8,823 பவுண்டு 8 ஷில்லிங் 9 பென்ஸ் வந்தது. விடுதலையான 411 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. இந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015-ல்தான் முழுசாக அடைந்தது. 'பழைய கதையை ஏன் கிளறணும்' என்று கேட்பவர்களிடம் இந்த ஒரு தேதியைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கிலாந்து திருச்சபையின் பொது மன்றம் 2006 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. எஸ்.பி.ஜி-யின் இன்றைய வாரிசான யு.எஸ்.பி.ஜி, 2023 செப்டம்பரில் 70 லட்சம் பவுண்டு திட்டம் ஒன்றை அறிவித்தது. தோட்டத்தில் வாழும் சந்ததியினருக்கான சமூக மேம்பாடு, வரலாற்று ஆய்வும் கல்வியும், அடையாளமில்லாமல் கிடக்கும் புதைகுழிகளை மீட்டு நினைவிடமாக்குவது, குடும்ப வேர்களைத் தேடுவது என்று அதில் வேலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

ஜி.யு. போப் வேலை பார்த்த சங்கம்

எஸ்.பி.ஜி என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? திருநெல்வேலி, தஞ்சாவூர் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு நிச்சயம் இருக்கும். 1820-களில் தமிழ்நாட்டு மிஷன்களைப் பொறுப்பேற்ற சங்கம் இதுதான். இடையன்குடியில் வாழ்ந்து 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் எஸ்.பி.ஜி மிஷனரி. சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப்பும் எஸ்.பி.ஜி. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே போப், 1870-களில் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

கொஞ்சம் நிதானமாக இதைப் பார்க்கணும். காட்ரிங்டன் வருமானம் பார்படோஸ் கல்லூரிக்கென்று எழுதி வைக்கப்பட்டது. போப்பும் கால்டுவெல்லும் எஸ்.பி.ஜி-யில் சேர்ந்தது பார்படோஸ் அடிமைகள் விடுதலையான பிறகு, 1840-களில். எனவே 'குறள் மொழிபெயர்ப்பு கரும்புப் பணத்தில் நடந்தது' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரே சங்கம், ஒரே லண்டன் அலுவலகம், ஒரு தலைமுறை இடைவெளி. நமக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தந்த கையும் அங்கே சூடு போட்ட கையும் ஒரே உடம்பின் கைகள். சங்கத்தை வில்லனாக்கினாலும் சரி, தியாகியாக்கினாலும் சரி, பாதிக் கதை விட்டுப்போகும்.

இது ஆங்கிலிக்கன்களோடு நிற்கவில்லை. பெங்களூரு செயின்ட் ஜோசப்ஸை நடத்தும் அதே இயேசு சபையின் மேரிலாந்து கிளை, 1838-ல் 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. 2021-ல் அமெரிக்க இயேசு சபையினர், விற்கப்பட்டவர்களின் சந்ததியினரோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக உறுதி தந்தார்கள்.

எதிர்ப்பு என்ன சொல்கிறது?

இரண்டு வாதங்கள் கனமானவை. ஒன்று, வரலாற்றாசிரியர்கள் சிலருடையது. சவுத் சீ கம்பெனி 1723-ல் தன் மூலதனத்தை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வணிகப் பங்கு, மறுபாதி ஆண்டுதோறும் வட்டி தரும் பத்திரம். பவுண்டி பெரும்பாலும் வைத்திருந்தது இரண்டாவது வகை. அதன் வட்டி அரசுக் கடனிலிருந்து வந்ததே தவிர அடிமைக் கப்பல்களிலிருந்து இல்லை என்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. ஆனால் அடிமை வணிகம் செய்கிற கம்பெனி என்று தெரிந்தே அதன் பத்திரத்தை வாங்கியதையும், நன்கொடையாளர்களின் பணத்தையும் இந்த வாதம் தொடுவதில்லை.

இரண்டாவது உள்ளூர்ச் சபைகளின் முணுமுணுப்பு. கூரை ஒழுகுகிறது, பாதிரியார் இல்லை, இந்த நிலையில் எங்கள் காணிக்கை மரபை எங்கேயோ அனுப்புவதா என்று கேட்கிறார்கள்.

மறுபக்கத்தில் '10 கோடி போதாது' என்ற குரல். பிஷப் ரோஸ்மேரி மாலெட் தலைமையிலான கண்காணிப்புக் குழு, மற்றவர்களின் பங்களிப்பையும் சேர்த்து நிதியை 100 கோடி பவுண்டாக உயர்த்த இலக்கு வைக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. கமிஷனர்கள் தங்கள் பங்கை 10 கோடியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். தனி ஆளுக்குக் காசோலை கொடுக்கும் திட்டம் இல்லை இது. பாதிக்கப்பட்ட சமூகங்களின் தொழில், கல்வி, ஆய்வு ஆகியவற்றில் போடும் முதலீட்டு நிதி.

சரி, நம்ம ஊரில்?

1833 சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது. இந்தியாவுக்கென்று 1843-ல் 5-வது சட்டம் வந்தது. ஒருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவுதான். நிலமும் தரவில்லை, கூலியும் தரவில்லை. அடிமை என்ற பெயர் போய் பண்ணையாள், படியாள் என்ற பெயரில் அதே வாழ்க்கை தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது.

சபைக்குள் என்ன நடந்தது? கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று 1833-ல் கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அதற்கு முன்பே, இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரும் இத்தகைய சாதி ஒழிப்பு முயற்சிகளை எதிர்த்து எழுதியிருக்கிறார். கரும்புத் தோட்டம் நம் சபைகளிடம் இல்லாமல் இருக்கலாம். தனி பெஞ்ச், தனிப் பாத்திரம், தனிக் கல்லறை இருந்தன. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து எழுந்த சுவர் ரொம்பப் பழைய காலத்து விஷயமும் இல்லை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016 டிசம்பரில் ஒரு கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்று அந்த ஆவணமே சொன்னது. முதல் தலித் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா நியமனம் பெற்றது 2022-ல்.

பெங்களூருக்கு இதில் தனி இடம் உண்டு. 1910-ல் தொடங்கிய யுனைடெட் தியாலஜிகல் கல்லூரியில்தான் 1981-ல் அர்விந்த் நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். ஒடுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து இறையியல் எழுத வேண்டும் என்ற அந்தப் பேச்சிலிருந்துதான் தலித் இறையியல் தொடங்கியதாகச் சொல்வார்கள். தென்னிந்திய மிஷன்களின் பழைய ஆவணங்களும் அதே வளாகத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனில் செய்தது போல இங்கேயும் ஆடிட்டரிடம் தொடங்கலாம். மிஷன் நிலங்கள் யார் கைக்குப் போயின, சபைப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை வேலைகளில் தலித்துகள் எத்தனை பேர், யார் பிஷப் ஆனார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்கு யாரிடமும் நிதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கலையும் சொல்லணும். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. சீக்கியர்கள் 1956-லும் பௌத்தர்கள் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. சபைகள் இதை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகப் போராடுகின்றன. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்று அரசிடம் அவர்கள் வாதாடும்போது, 'யார் அந்தக் கொடுமையைச் செய்கிறார்கள்?' என்ற கேள்வி அவர்கள் பக்கமே திரும்புகிறது. இந்தப் பிரச்னையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஆணையம் அமைந்தது. இரண்டு ஆண்டு கெடு வைத்தார்கள். அது பின்னர் நீட்டிக்கப்பட்டது.