பொட்டாசியம் தடத் திறப்பிகள்: ஆஸ்துமாவுக்கான விலங்குச் சோதனைகள்

குரோமகாலிம் போன்ற மருந்துகள் மூச்சுக்குழல் தசைச் செல்களின் பொட்டாசியம் தடங்களைத் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேறுவதால் செல்லின் உட்புற எதிர்மின்னழுத்தம் கூடுகிறது. கால்சியம் நுழையும் தடங்கள் மூடிக்கொள்ள, தசை தளர்கிறது. 1980களில் இதைச் சோதிக்கப் பெரிதும் பயன்பட்டது கினிப் பன்றி. ஹிஸ்டமின் பட்டால் அதன் மூச்சுக்குழல் கடுமையாகச் சுருங்கும். முட்டை வெள்ளைக்கருப் புரதமான ஓவால்புமினை ஊசியால் செலுத்தி விலங்குக்கு ஒவ்வாமை உண்டாக்குவர். சில வாரங்களுக்குப் பின் அதே புரதத்தை நுண்துளிகளாகச் சுவாசிக்கச் செய்தால் மூச்சு இறுகும். மருந்து அந்த இறுக்கத்தைத் தணித்தால் மட்டும் போதாது. பொட்டாசியம் தடங்களை அடைக்கும் நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைடு அப்பயனை முறிக்கவும் வேண்டும். தடம் திறந்ததே காரணம் என்பதற்கு இதுவே வலுவான சான்று. இரத்தக்குழல்களும் சேர்ந்து தளர்வதால் இரத்த அழுத்தம் வீழ்வது பெருந்தடை. மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் தலைவலி மிகுந்தது, பயனோ உறுதிப்படவில்லை. விலங்குகள் தந்த நம்பிக்கை அங்கே நிலைக்கவில்லை.