கப்பலின் நீளம் எது?

கப்பலின் நீளம் எவ்வளவு என்று கேட்டால், முனைக்கு முனை அளந்தால் தெரியாதோ என்பர் எவரும். கடல் விதிகளில் இவ்விடை நெடுங்காலம் செல்லவில்லை.

சுபாங் ஜெயா, சீஃபீல்டு தோட்டமாயிருந்த நாளில், இவ்வட்டாரத்துத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோருள் பலர் கரையிறங்கிய துறை போர்ட் சுவெட்டன்ஹாம். 1901இல் திறக்கப்பெற்ற அத்துறை 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. அங்கு வந்துபோன 'ரஜூலா' 1926இல் கட்டப்பெற்றது. எட்டாயிரத்துச் சொச்சம் டன் என்று அதன் அளவைச் சொல்வர். இந்த டன் எடையன்று. நூறு கன அடி இடத்தை ஒரு டன் எனக் கொள்ளும் இக்கணக்கு 1854ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தால் வந்தது. கட்டணம் வாங்க அது உதவும். எதிரே வரும் மாலுமிக்கு அதனாற் பயனென்ன?

அவனுக்கு வேண்டுவது நீளம். ஆயினும் 1948ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகள், பதிவுச் சான்றிதழில் கண்ட நீளமே கப்பலின் நீளம் என்றன. பதிவு நீளமோ முன்தண்டிலிருந்து பின்தண்டு வரையே; அமரம், அதாவது பின்புறம், அதற்கப்பால் நீண்டிருந்தால் அப்பகுதி கணக்கில் ஏறாது. 150 அடிக்குக் குறையாத இயந்திரக் கப்பல் இரண்டு கொடிமர விளக்குகள் ஏற்ற வேண்டுமென்பது விதி. பதிவில் 148 அடியும் மெய்யில் 155 அடியுமான கப்பலொன்றை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒரு விளக்கே போதும்! இரவில் மாலுமி காண்பது கப்பலையன்று, விளக்கையே. காகிதத்தை நம்பினால் கடல் பொறுக்குமோ?

1960இல் திருத்தி, 1965இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இக்குறையைக் களைந்தன. முழுநீளமும் மிகப்பெரிய அகலமுமே அளவுகள் என்பது அப்போது வந்த இலக்கணம். 1972ஆம் ஆண்டு விதிகளும் அதையே கொண்டன. அவற்றின்படி இரட்டை விளக்கு 50 மீட்டரிலிருந்து கட்டாயம். நங்கூரமிட்ட கப்பல் 100 மீட்டரோ அதற்கு மேலோ நீளமாயின், மூடுபனியில் முன்புறம் மணியும் பின்புறம் சேகண்டியும் ஒலிக்க வேண்டும். அகலத்துக்கும் வேலையுண்டு: 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலில் முன் கொடிமர விளக்கு குறைந்தது 6 மீட்டர் உயரத்திலும், அகலம் அதனினும் மிகுந்தால் அவ்வகலத்தின் அளவுக்கேனும் உயர்ந்தும் நிற்க வேண்டும், 12 மீட்டருக்கு மேல் கட்டாயமில்லை.

மலாக்கா நீரிணைக்கு இவை போதா. இங்கே கேள்வி, கப்பல் நீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது என்பது. 1975 ஜனவரியில் 'ஷோவா மாரு' என்னும் ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூருக்கருகே தரைதட்டி எண்ணெய் கடலிற் கொட்டியது. 1977இல் உலகக் கடல் அமைப்பு ஏற்று, 1981இல் நடைமுறைக்கு வந்த விதிகள், 15 மீட்டரோ அதற்கு மேலோ அமிழ்வனவற்றை ஆழக்கப்பல் என வகுத்து, மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளைக் கடக்கும் அத்தகையவற்றுக்கு அடிப்பகுதிக்குக் கீழே 3.5 மீட்டர் நீரேனும் இருக்க வேண்டுமென்றன.

1972ஆம் ஆண்டு பொதுவிதியோ, அமிழ்வினால் வழிவிலக இயலாத கப்பலுக்கு மீட்டர்க் கணக்கு எதுவும் கூறவில்லை. கப்பலின் அமிழ்வை அவ்விடத்து நீரின் ஆழத்தோடு ஒப்பிட்டே தீர்மானிக்கச் சொன்னது. நீர்வழியின் அகலமும் சேர்ந்தது 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அத்தகைய கப்பல் நேர்க்கோட்டில் மூன்று சிவப்பு விளக்குகளை ஏற்றலாம். அவற்றைக் கண்டால், இயன்றவரை, வலை வீசும் படகும் அதன் பாதையை மறித்து நிற்கலாகாது.