எள்ளும் ஒலிவமும்

புனித வாரத்தில் ஆயர் தம் குருக்களோடு கூடி நிறைவேற்றும் எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலியில் மூன்று கலங்கள் பீடத்தை நோக்கிப் பவனியாக வருவதை நாம் கண்டிருக்கிறோம். நோயாளருக்கு ஒன்று, புகுமுகுநிலையினருக்கு ஒன்று, நறுமணத் தைலம் சேர்த்துக் கிறிஸ்மாவாக்குவதற்கு ஒன்று. அது எந்த வித்திலிருந்து பிழிந்த எண்ணெய் என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பீடத்தில் தொடங்கி அடுக்களை வரை நீளும் வரலாறு ஒன்றை அறிந்திருப்போம்.

எள்ளின் நெய்யே எண்ணெய். தமிழன் முதலில் அறிந்தது எள் ஆதலால், பிற வித்துகளின் சாறும் அப்பெயரையே பெற்றது. இலத்தீன் மொழியில் எண்ணெயைக் குறிக்கும் சொல்லோ ஒலிவ மரத்தின் பெயரிலிருந்து பிறந்தது. ஆண்டவர் இரத்த வியர்வை சிந்திய கெத்சமனி என்பதற்கும் எண்ணெய்ச் செக்கு என்றே பொருள். ஒலிவம் விளைந்த மண்ணில் பிறந்த திருச்சபை, ஒலிவம் விளையாத நாடுகளுக்குச் சென்றபோதுதான் சிக்கல் எழுந்தது.

இடைக்காலத் தவக்காலம் இன்றைய ஒருசந்தி, சுத்தபோசனம் போன்று எளிதன்று. இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியனவும் விலக்கப்பட்டிருந்தன. இத்தாலியருக்கு இது பெருஞ்சுமை அல்ல. ஒலிவ எண்ணெய் அவர்கள் வீட்டுக் குடத்திலேயே இருந்தது. நார்மண்டி, சாக்சனி போன்ற வடபுலத்து மக்களுக்கோ மாடு உண்டு, ஒலிவம் இல்லை. தொலைவிலிருந்து வந்த எண்ணெய் விலையுயர்ந்தது. பல வேளைகளில் சிக்கெடுத்தும் இருந்தது. ஆகவே காணிக்கை செலுத்தி வெண்ணெய் உண்ண அனுமதி பெறும் வழக்கம் வளர்ந்தது. பிரான்சு நாட்டு ரூவான் பேராலயத்தில் 1485-இல் தொடங்கி எழுப்பிய கோபுரம் ஒன்று இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' எனப்படுகிறது. அக்காணிக்கையும் அதன் செலவுக்கு உதவியது என்பர். 1520-இல் மார்ட்டின் லூத்தர் இதைக் கடுமையாகச் சாடினார்: உரோமையர் தம் காலணிக்கும் பூசாத எண்ணெயை எங்களை உண்ணச் செய்து, பின்பு வெண்ணெய்க்கு அனுமதியையும் விற்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் சென்ற வழி நம் வழியன்று. ஆயினும் ஏழையின் உலையைப் பாராது இயற்றிய விதி எவ்வளவு கசப்பை விளைத்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வரலாறு இங்கே ஒரு திருப்பம் கொண்டது. 1958-இல் ஆன்சல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 13,000 ஆண்களின் உணவையும் இதயத்தையும் ஆராயத் தொடங்கினார். வெண்ணெயும் பாலும் மிகுந்த கிழக்குப் பின்லாந்தில் இதயநோய்ச் சாவு மிகுந்திருந்தது. ஒலிவ எண்ணெயில் சமைத்துண்ட கிரேத்துத் தீவிலோ மிகக் குறைவு. இதனால் மட்டும் எண்ணெயே காரணம் என்று தீர்ப்பளித்துவிட முடியாது. கிரேத்து மக்கள் உழைத்தார்கள், காய்கறியும் பருப்பும் உண்டார்கள், கிழக்குத் திருச்சபையின் நோன்புகளையும் காத்தார்கள். ஆனால், வெண்ணெய்க்கு மாற்றாக வித்துகளின் எண்ணெயைக் கொள்வது இதயத்துக்கு நலம் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் வலியுறுத்தியுள்ளன.

'தாவரம்' என்ற பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 1902-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி அதை உறையச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வழியில் பிறந்த வனஸ்பதி, 1937 முதல் டால்டா என்னும் பெயரில் நம் இல்லங்களில் நெய்யின் இடத்தைப் பிடித்தது. கிறிஸ்மஸ் பலகாரம் அதில் மணக்க மணக்க வெந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதில் உருவாகும் 'டிரான்ஸ்' கொழுப்பு நெய்யினும் தீயது என்பது 1990-க்குப் பின்னரே தெளிவாயிற்று. அதனை நூற்றுக்கு 2 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதி 2022-இல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

ஒலிவ எண்ணெயைப் பெருவிலை கொடுத்து வாங்கினால்தான் நலம் என்பதும் பழைய வடபுலத்துத் துன்பத்தை நாமே விலைக்கு வாங்குவதாகும். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பே நூற்றுக்கு 80 பங்களவு உள்ளது. தேங்காய் எண்ணெய் அப்படியன்று; அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. அளவும் கருதற்குரியது: எந்த எண்ணெயாயினும் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 120 கலோரி தரும். வடை சுட்ட எண்ணெயையே மீண்டும் மீண்டும் புகையக் காய்ச்சினால் அதன் நற்குணம் கெடும். இட்லிப் பொடியில் காய்ச்சாமல் குழைத்த நல்லெண்ணெயும், மாலையில் ஒரு பிடி வேர்க்கடலையும் அக்குணத்தைக் கெடாமல் தருகின்றன.

மீண்டும் பீடத்துக்கு வருவோம். ஒலிவ எண்ணெய் கிடைப்பதரிது எனச் சில நாட்டு ஆயர்கள் முறையிட்டனர். 1970 டிசம்பரில் வெளியான புதிய சடங்குமுறை, தேவைக்கேற்ப மற்றத் தாவர எண்ணெயையும் அனுமதித்தது. நோயிற்பூசுதலைப் பற்றிய 1972-ஆம் ஆண்டின் திருத்தூதுச் சட்டத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் அதனை உறுதிசெய்தார். 1983-இன் திருச்சபைச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. எனவே செக்கில் ஆட்டிய எள்ளின் எண்ணெயும் ஆயர் கையால் மந்திரிக்கப்படலாம். 1917-இன் திருச்சபைச் சட்டம் முதலே சுத்தபோசன நாளிலும் உண்ணத் தடையில்லாத நெய்க்கோ, அக்கலத்தினுள் இடமில்லை.